அக்கா வந்து உரிக்கட்டும்

எனக்கு முன்கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதியில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். தலவாக்கலை டவுனில் ஒரு போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறேன். உப்பிப்போன பேட்டரி, நொறுங்கிப்போன கண்ணாடி, ஆற்றில் விழுந்து எடுத்த போன் எல்லாவற்றோடும் மணிக்கணக்கில் பொறுமையாக உட்காருவேன். ஆட்களோடுதான் முடியாது. “அந்தப் போனுகிட்ட காட்டுற பொறுமையில கால்வாசி எங்ககிட்ட காட்டக் கூடாதாடா?” என்று அம்மா கேட்பாள். போன் எதிர்த்துப் பேசாதே என்று நான் சொல்வேன்.

எங்கள் வீடு அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்தில் மூன்றாவது வீடு. நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா கொழுந்தெடுக்கப் போகிறாள். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. அக்கா ஆறு வருஷமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரைவரை போகாது. பக்கத்து வீட்டு மாமா அங்கே தும்மினால் அம்மா இங்கே “நூறு” என்பாள். எங்கள் வீட்டுச் சண்டைக்கு அவர் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். சொந்தக்காரர் இல்லை, ஆனால் பிறந்ததிலிருந்து மாமா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

அக்கா லீவில் வருவதற்கு மூன்று மாதம் முன்னால் கார்கோவில் ஒரு டிவி அனுப்பினாள். ஐம்பத்தைந்து இஞ்சி, ஃபோர்கே. சுவரில் பாதியை அடைத்துக்கொள்ளும் சாமான். ரோட்டிலிருந்து லயத்துக்கு இறங்கும் படியில் நானும் மாமாவும் பெட்டியைத் தூக்கிவர, அம்மா பின்னாலேயே “மெதுவா, மெதுவா” என்று கத்திக்கொண்டு வந்தாள். அவள் கத்திய கத்தில்தான் மாமாவுக்கு ஒரு தடவை கால் வழுக்கியது.

பெட்டியைத் திறந்ததும் முதல் சிக்கல். குவைத்து பிளக்குக்குச் சதுரக் கால், எங்கள் சுவருக்கு வட்டத் துளை. அதற்கு ஒரு அடாப்டர் வாங்கிவந்தேன். அடாப்டர் என்ற சனியனோடு எனக்கு உறவு ஆரம்பித்தது அன்றைக்குத்தான். போட்டதும் டிவி எரிந்தது, ரிமோட் வேலை செய்தது, படம் வந்தது, எல்லாரும் கைதட்டினோம். அப்புறம் அணைத்துவிட்டு நான் கடைக்கு பஸ் பிடிக்க ஓடிவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அம்மா குளித்துவிட்டு, சூடம் காட்டி, டிவிக்கு விபூதி பூசி, சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, ஒரு புதுச் சேலையால் மூடிவைத்திருந்தாள். பார்க்கக் கல்யாணப்பெண் மாதிரி இருந்தது. அக்கா வரும்வரை அதில் யாரும் எதுவும் பார்க்கக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டாள். நாடகம் பார்க்கப் பழைய டிவி இருக்கவே இருக்கிறது.

அன்றைக்கு வீடியோ காலில் அக்காவும் ஒரு சட்டம் போட்டாள்.

“டேய், டிவிக்கு மேல ஒட்டியிருக்குப் பாரு பிளாஸ்டிக்கு, அத யாரும் தொடக் கூடாது. நான் வந்து உரிப்பேன்.”

“ஏன், நாங்க உரிச்சா உரியாதா?”

“உரிச்சே, கொன்னுடுவேன்.”

அப்புறம் அவளே சொன்னாள். “இங்க புது டிவி வந்தப்ப இந்த வீட்டுப் பசங்க ரெண்டு பேரும் நின்னுக்கிட்டு உரிச்சானுங்க. சர்ர்ருன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாரு, கேக்கவே நல்லா இருந்துச்சு. நான் அந்தப் பிளாஸ்டிக்க சுருட்டிக் குப்பையில போட்டேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தப் பையன்களுக்குப் பெரிய கேம் மெஷின் இருக்கிறது, கையில் பிடித்து விளையாடுகிற கன்ட்ரோல் நாலு இருக்கிறது. “ஆறு வருஷமா தினம் தொடைக்கிறேன்டா. பட்டனுக்கு நடுவுல காது குடையிற பஞ்சுக் குச்சிய விட்டுத் தொடைக்கிறேன். ஒரு நாளும் அமுக்குனதில்ல.”

“வீட்டுல யாரும் இல்லாதப்ப அமுக்கிப் பாக்கிறதுதானே?”

“அமுக்கி ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?”

அதை அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை, அந்தப் பையன்களும் பாவம் ஒன்றும் செய்யவில்லை. “நீ வா. வந்த அன்னிக்கே, நம்ம வீட்டுல, இந்த டிவில, என் கம்ப்யூட்டர மாட்டி நீ உக்காந்து விளையாடுற. இல்லன்னா நான் ரிப்பேர் வேலையே பாக்கல, விட்டுடுறேன்” என்று போனுக்குள் கத்தினேன்.

“சரிடா கத்தாத. தோத்துட்டுப் பழைய மாதிரி அழக் கூடாது, சொல்லிட்டேன்” என்றாள்.

பழைய மாதிரி என்றால், நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மாமா கொழும்புக்குப் போய் ஒரு டிவி கேம் வாங்கிவந்திருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எங்களுக்காகத்தான் வாங்கினார் என்று இப்போது புரிகிறது, அப்போது அவர் விளையாட வாங்கினார் என்று நினைத்தோம். கார் ரேஸில் அக்கா என்னை ஒரு தடவைகூட ஜெயிக்க விட்டதில்லை. நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வருவேன். அந்தக் கோபம் எல்லாம் சேர்ந்துதானோ என்னவோ, வளர்ந்த பிறகு இரண்டு வருஷமாக ஒவ்வொரு சாமானாகச் சேர்த்து ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டினேன். எல்லாம் கைமாறி வந்த சாமான். கேபினெட்டின் கதவு ஒரு கலர், உடம்பு ஒரு கலர். ஆனால் உள்ளே நல்ல கிராபிக்ஸ் கார்டு, நாலு காற்றாடி, நீல லைட். அதற்கு மாட்டியிருந்த மானிட்டர் மட்டும் பழைய சின்ன மானிட்டர், நடுவில் ஒரு பச்சைக் கோடு ஓடும்.

அக்கா வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலையை விலக்கிவிட்டு கம்ப்யூட்டரை டிவிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். ஐந்து நிமிஷ வேலை என்று அம்மாவிடம் சொன்னேன். இப்போதும் அம்மா எதற்காவது “எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டுவிட்டு, “ஒன்னோட அஞ்சு நிமிஷமா, கடிகாரத்தோட அஞ்சு நிமிஷமா?” என்று கேட்கிறாள். அன்றைக்குச் சம்பாதித்த பெயர்.

கார்டில் எச்டிஎம்ஐ வயர் போடுகிற துளை செத்துப்போயிருந்தது. விற்றவன் சொல்லவில்லை. பழைய மானிட்டர் வேறு வயரில் ஓடியதால் நானும் கவனிக்கவில்லை. பாக்கி இருந்தது டிஸ்பிளே போர்ட் என்கிற இன்னொரு துளை. டிவியில் அந்தத் துளை கிடையாது. ஆக, நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். எங்கள் கடையிலேயே ஒன்று கிடந்தது, கொண்டுவந்து மாட்டினேன். டிவியின் அடியில் ஒரே ஒரு பட்டன் உண்டு, அதை அமுக்கினேன். படம் வந்துவிட்டது! அம்மாவைக் கூப்பிட்டு, மாமாவையும் கூப்பிட்டு, கார் ரேஸை ஓட்டிக் காட்டினேன்.

கார் வளைவில் திரும்பவில்லை. தவணை முறையில் திரும்பியது. இந்த டிவி விநாடிக்கு அறுபது படம் காட்டக்கூடியது, அடாப்டர் முப்பதைத்தான் அனுப்பியது. “என்னடா, கொழுந்து லொறி மேட்டுல ஏறுற மாதிரி வருது” என்றார் மாமா. “ஒங்களுக்கு ஒன்னும் தெரியாது மாமா, சும்மா இருங்க” என்றேன். அவர் சொன்னது சரி என்பதால்தான் அப்படிச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து லீவு போட்டு, மழையில் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய கடையில் விலை கூடிய அடாப்டராகப் பார்த்து எடுத்தேன். கடைக்காரர் ஏதோ சொல்ல வந்தார். “எனக்குத் தெரியும், நானும் ரிப்பேர் கடைதான்” என்று சிங்களத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் ‘சிக்னல் இல்லை.’ வயரை மாற்றினேன், சிக்னல் இல்லை. டிவியில் வேறு துளையில் போட்டேன், சிக்னல் இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அதற்கும் அதே பதில்தான். மண்டை காய்ந்துபோனது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து “வயரத் திருப்பிப் போட்டுப் பாரேன்டா” என்று மாமா குரல் வந்தது. “ரெண்டு பக்கமும் வேற வேற தலை மாமா! திருப்பிப் போட முடியாது!” என்று கத்தினேன்.

மறுபடி ஹட்டன். கடைக்காரர் அடாப்டரை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்டையின் மூலையில் கொசு அளவுக்கு இருந்த ஒரு அம்புக்குறியை விரலால் காட்டினார். “மல்லி, இது அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் வாறதுக்கு. ஒங்களுக்கு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போகணும்” என்று, தம்பியை மட்டும் சிங்களத்தில் சொல்லி, மிச்சத்தை நல்ல தமிழில் சொன்னார். பஸ்ஸில் ஏறுவதற்கு முன் போர்டைப் படிக்காதவன் மாதிரி நின்றேன். அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காத கஸ்டமரை தினமும் திட்டுகிறவன் நான். மாமா சொன்ன ‘திருப்பிப் போடு’கூட ஒருவகையில் சரியாகத்தான் இருந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சரியான அடாப்டர் அவரிடம் இல்லை, கொழும்புக்குப் போன் போட்டு எனக்காக ஒன்று சொல்லிவைத்தார். நல்ல மனுஷன், ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

அது வரப் பத்து நாளாயிற்று. பஸ்ஸில் பார்சலாக வந்தது. அக்கா வர ஐந்து நாள்தான் இருந்தது. வீட்டுக்கு ஓடி வந்து மாட்டினேன். படம் வந்தது. வேகம்? முப்பது! அதே லொறி, அதே மேடு!

இரண்டு மணிநேரம் போனில் தேடிப் படித்த பிறகு விஷயம் தெரிந்தது. டிவியிலும் ஒரு பூட்டு இருக்கிறது. அதன் மெனுவுக்குள் போய், அந்தத் துளைக்கு அதிக வேகம் வரலாம் என்று திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான். ரிமோட்டை எடுத்து அமுக்கினால் முடிந்தது.

ரிமோட்டை எடுத்து அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கிட்டப் போய் அமுக்கினேன். டிவியின் மூக்கிலேயே வைத்து அமுக்கினேன். ரிமோட் செத்துப்போய்விட்டது.

அதற்கப்புறம் நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. “ரிமோட்ட தண்ணியில போட்டியாம்மா?” என்று அம்மாவிடம் பாய்ந்தேன். “நான் ஏன்டா போடுறேன், அந்தச் சேலைக்கு அடியிலதானே கெடந்துச்சு” என்றாள். புது பேட்டரி வாங்கிப் போட்டேன், அதற்கும் அசையவில்லை. அப்போது எனக்கு ஞாபகம் வந்தது, போன மாதம் மாமா அவர் ரேடியோவுக்கு இரண்டு பேட்டரி கேட்டு வாங்கியிருந்தார். சுவரைப் பார்த்துக் கத்தினேன். “மாமா! எங்க ரிமோட்ட எடுத்து நோண்டுனீங்களா? ஒரு சாமான வீட்டுல வைக்க முடியல! கண்டவங்க கை பட்டா இப்படித்தான்!”

சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அது நின்றது. அம்மா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. “கண்டவங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் அந்தச் சுவருக்கு மேலே ஒரு சத்தமும் வரவில்லை. தும்மல்கூட வரவில்லை. அந்த மனுஷன் வெளியே போய்த் தும்மிவிட்டு வந்திருப்பார் போல.

மூன்றாம் நாள் கடையில் ஒரு அம்மா தன் வீட்டு டிவி ரிமோட்டைக் கொண்டுவந்து, “இது வேலை செய்யுதான்னு பாருங்க தம்பி” என்றார். நான் வழக்கம்போல என் போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து அமுக்கினேன். கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம் கேமராவில் ஊதா நிறத்தில் மினுக்கும். மினுக்கினால் ரிமோட் நல்லது. தினம் பத்துப் பேருக்குச் செய்து காட்டுகிற வித்தை. அடப்பாவி, இது உனக்கு வீட்டில் ஏன்டா தோன்றவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்கள் ரிமோட்டைக் கேமராவில் காட்டி அமுக்கினேன். மினுமினு என்று மினுக்கியது. ரிமோட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் டிவிக்குக் கண் தெரியவில்லை.

டிவியோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்துப் படத்தைப் பார்த்தேன். ரிமோட்டைப் பார்க்கும் கண் இருப்பது கீழ்ச்சட்டத்தில், சரியாக நடுவில். டார்ச்சைப் பிடித்துக் குனிந்தேன். அந்த இடத்தில், சரியாக நடுவில், காய்ந்து இறுகிய சந்தனம் ஒரு ரூபாய்க் குற்றிக் காசு அளவுக்கு. அதன்மேல் குங்குமம். இரண்டு பக்கமும் மூன்று மூன்று கோடு விபூதி.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். மூன்று வாரமாகத் தினம் பார்த்த பொட்டு. நெற்றியில் பொட்டு இருக்கிறவர்களைப் பார்த்து யாராவது சந்தேகப்படுவார்களா? அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, “டிவியோட கண்ணுல பொட்டு வச்சிட்டியேம்மா, துணி கொடு தொடைக்கிறேன்” என்றேன்.

“ஐயையோ, தொட்டே கைய ஒடிச்சிருவேன்!” அம்மா உண்மையாகவே பதறிவிட்டாள். “ஒங்க அக்கா நல்லபடியா வந்து சேரணும்னு வேண்டிக்கிட்டு வச்ச பொட்டு. அது இன்னும் பிளேனே ஏறல. அதுக்குள்ள குங்குமத்த அழிக்கச் சொல்றியே, ஒனக்கு என்ன புத்தி?”

அதற்கு நான் கோபப்படவில்லை. படத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. ஆறு வருஷமாக அம்மாவால் அக்காவுக்குச் செய்ய முடிந்ததெல்லாம் இந்தமாதிரி ஒரு பொட்டு வைப்பதும், ஒரு சூடம் கொளுத்துவதும்தான். துணி கேட்பதை விட்டுவிட்டு எழுந்துபோனேன்.

விடிந்ததும் அம்மாவே வழி கண்டுபிடித்துவிட்டாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன் குளித்துவிட்டு வந்து, டிவியின் மேல்மூலையில், அந்த பிளாஸ்டிக்கின்மேல், புதுச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சூடம் காட்டினாள். “இடத்தத்தான் மாத்துறேன், கோவிச்சுக்காதப்பா. பிள்ள வாற வரைக்கும் மேல இருந்து பாத்துக்க” என்று சாமியிடம் சத்தமாகவே சொன்னாள். புதுசை வைத்துவிட்டுத்தான் கீழே இருந்த பழசை ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு ரிமோட்டை அவளே எடுத்து அமுக்கினாள். டிவி எரிந்தது.

“பாத்தியா? முறையாச் சொன்னா எல்லாம் கேக்கும். நீதான் எல்லாத்துக்கும் கத்துறே” என்றாள். கையோடு சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். காற்றாடிக்கு நேராகக் கை போனதும் நான் அலறிவிட்டேன். கடைசியில் ஓரத்தில், காதோரம் வைக்கிற மாதிரி சின்னதாக ஒன்று வைக்க ஒத்துக்கொண்டாள்.

மெனுவுக்குள் போய்ப் பூட்டைத் திறந்தேன். அறுபது! கார் வளைவில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. படத்தின் ஓரம் நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்பட்டுத் தெரிந்தது, அதையும் மெனுவில் சரிபண்ணினேன். பிளாஸ்டிக் மேலே இருந்ததால் படம் லேசாகப் பனி மூடின மாதிரி இருந்தது. உரிக்கக் கை அரித்தது. அம்மாவைப் பார்த்தேன். “அக்கா வந்து உரிக்கட்டும்” என்றாள்.

அப்புறம் ஒரு வேலை பாக்கி இருந்தது. இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு இஸ்தோப்பில், முன் திண்ணையில், போய் நின்றேன். மாமா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மாமா, ரிமோட்டு இல்ல, பொட்டு” என்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் வாயில் அதுதான் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். “நான் பேசுனது தப்பு மாமா. ரொம்பத் தப்பு” என்றும் சொன்னேன். அவர் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார். “கண்டவன் கேக்குறேன், சீனி போட்டியா?” என்றார். அடுத்த வாரம் முழுக்க என்னிடம் எதைக் கேட்டாலும் ‘கண்டவன் கேக்குறேன்’ என்றே ஆரம்பித்தார். நல்லா வேணும் எனக்கு.

அன்றைக்குச் சாயங்காலமே அவரை உட்காரவைத்து விளையாட்டைக் காட்டினேன். நாலரை மணி இருக்கும். வேலை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்து, லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தலைப் போட்டார்கள். பல்பு மஞ்சளாகிச் சுருங்கியது. கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. எங்கள் லயத்துக்கு வருகிற கரண்ட் அவ்வளவுதான். எல்லா அடாப்டரும் சரியாகி, சாமியும் இடம் மாறி, கடைசியில் கேத்தலில் வந்து நிற்கிறது. அக்கா வர ஒரே நாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஞாயித்துக்கிழமைதானே வருது? அத என்கிட்ட விடு” என்றார் மாமா.

அக்கா ஞாயிறு காலை வேனில் வந்து இறங்கினாள். கொஞ்சம் பருத்திருந்தாள், தலைமுடி குறைந்திருந்தது. அம்மாவும் அவளும் கட்டிப்பிடித்து அழுதார்கள், நான் பெட்டியைத் தூக்குகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டேன். சாப்பிட்டு, லயமே வந்து பார்த்துவிட்டுப் போய், மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வீடு காலியானது. சேலையை எடுத்தேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். என்னுடைய இரண்டு கன்ட்ரோலையும் அவள் முன்னால் வைத்தேன்.

அப்போது வெளியே மாமாவின் குரல் கேட்டது. வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். “கேத்தல் போடாதீங்க. அயர்ன் போடாதீங்க. நம்ம பிள்ள ஆறு வருஷத்துக்கு அப்புறம் விளையாடுது. தேத்தண்ணி வேணும்னா அடுப்புல வைங்க.” யாரோ எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். “அது போதும்னு சொல்ற வரைக்கும்” என்றார். கொஞ்ச நேரத்தில் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கூரைக்கு மேலே விறகுப்புகை எழும்பியது.

உள்ளே திரும்பிப் பார்த்தால், அக்கா எங்கிருந்தோ ஒரு துணியை எடுத்துக் கன்ட்ரோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுரீர் என்று ஏறியது. துணியைப் பிடுங்கி அடுப்படிக்குள் எறிந்தேன். “பழக்கம்டா” என்று சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

“மொதல்ல உரி” என்றேன்.

மூலையில் நகத்தால் கிள்ளி எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, எட்டி நின்று இழுத்தாள். சர்ர்ர்ரென்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். அம்மா வைத்த பொட்டும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வந்துவிட்டது. நான் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தேன். “போகட்டும்டா, அதான் வந்து சேந்திருச்சில்ல” என்றாள் அம்மா. பிளாஸ்டிக்கை நான்தான் சுருட்டி எடுத்துப்போனேன். அக்கா குனியப் போனாள், விடவில்லை.

கன்ட்ரோலைக் கையில் எடுத்தவள் எனக்கு அதைப் பற்றிப் பாடம் எடுத்தாள். எந்தப் பட்டன் எதற்கு என்று ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த இடுக்கில் தூசி நிற்கும், எந்தக் குமிழின் அடியில் எண்ணெய் பிசுக்கு ஒட்டும், எல்லாம் தெரியும். “இதுதான் ஓட்டுறதா? இதுலதான்டா எப்பவும் பிஸ்கட் தூள் இருக்கும்” என்றாள். முதல் ஆட்டத்தில் சுவரில் மோதினாள். இரண்டாவதில் ஆற்றுக்குள் போனாள். மூன்றாவதில் என்னை முந்தினாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை, சத்தியமாக. வளைவில் பிரேக்கே போடாமல், அக்கரப்பத்தனை பஸ்காரன் மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு உள்பக்கமாக வந்து என்னை இடித்துவிட்டுப் போனாள். சுவருக்கு மேலே “யாரு ஜெயிக்கிறா?” என்று சத்தம். “நான்தான் மாமா!” என்று கூரை அதிரக் கத்தினாள். ஆறு வருஷமாக அவள் அப்படிக் கத்தி நான் கேட்கவில்லை. போனில் பேசும்போதெல்லாம் யாருக்கோ கேட்டுவிடுமே என்று தணிந்த குரலில்தான் பேசுவாள். அதைக் கேட்டுக்கொண்டே நாலாவது ஆட்டமும் தோற்றேன்.

நடுவில் அம்மா முறுக்கு கொண்டுவந்தாள். அக்கா கை கழுவவில்லை, முறுக்கைக் கடித்துக்கொண்டே அதே எண்ணெய்க் கையால் அமுக்கினாள். பொழுது சாயும் நேரத்தில், “போதும்டா, தோத்துத் தோத்து ஒனக்கு அலுப்பா இல்லையா?” என்று சொல்லிவிட்டு, கன்ட்ரோலைத் தரையில் அப்படியே போட்டுவிட்டு, கால் நீட்டிப் பாயில் சாய்ந்தாள். வெளியே மாமா, “சரி, கேத்தலப் போடுங்க!” என்று கத்தினார்.

கன்ட்ரோல் தரையில் கிடந்தது. பட்டன் எல்லாம் எண்ணெய், இடுக்கெல்லாம் முறுக்குத் தூள். அம்மா அதைக் குனிந்து எடுத்து, முந்தானையால் துடைக்கப் போனாள்.

“விடும்மா” என்றாள் அக்கா. “அங்கேயே கெடக்கட்டும்.”

அம்மா அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். மறுநாள் காலையில் அம்மா பெரட்டுக்குக் கிளம்பும்போதும் அது அங்கேயேதான் கிடந்தது. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனேன்.